இருபத்தோராம் இரவு

சிலாபக்காரி விடியற்காலை நாலரைக்குக் கத்தினாள்.
பசிக்குக் கத்துவது வேறு,
கன்றைத் தேடிக் கத்துவது வேறு.
இது அடிவயிற்றிலிருந்து வரும் நீளக் குரல்.
மாடி வீட்டில் லைட் எரிந்தது.
"கிளமென்ட், மாட்டுக்கு வாயைக் கட்டு!"

டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
வால் ஓரமாய் விலகியிருந்தது.
கண்ணாடி நூல் ஒன்று
அறாமல் தொங்கியது.
ராகமைக்காரி மேலே ஏற ஏற
அசையாமல் நின்றுகொடுத்தாள்.

நாலு மாடு எனக்கு,
கால்வாய்க்கும் இரும்புக் கடைச் சுவருக்கும் நடுவே.
காளை கிடையாது.
மட்டக்குளியில் காளைக்கு ஏது இடம்,
என் ஓட்டோவே ரோட்டில்தான் தூங்குகிறது.

காலையில் கண்டால் மாலைக்குள் ஊசி.
அதற்குப் பிறகு எவ்வளவு கத்தினாலும்
கதவு சாத்தியது சாத்தியதுதான்.
சிலாபக்காரிக்கு மூன்று தடவை தப்பிப்போயிற்று.
ஒரு தடவை களனி ஆறு கொட்டிலுக்குள் வந்து
என் முழங்காலைத் தொட்டது.
ஒரு தடவை பெற்றோல் கியூவில்
இரண்டு நாள் வண்டிக்குள்ளேயே கிடந்தேன்.
மூன்றாவது தடவை எல்லாம் நேரத்துக்கு நடந்தது,
ஆனாலும் நிற்கவில்லை. ஏன் என்று
அவளுக்கும் தெரியாது.

தெமட்டகொடையிலிருந்து பாயிஸ் நானா வந்தார்.
முதுகைத் தட்டி, விலாவை அழுத்தி,
கன்று போடாத மாடு தின்னும் புல்லுக்கு
என்னைவிடச் சரியாகக் கணக்குச் சொன்னார்.
பிறகு ஒரு விலையும் சொன்னார்.
நல்ல விலை. அதுதான் கஷ்டம்.

இன்றைக்கு ஒரு கட்டுநாயக்கா ஹயரை விட்டேன்.
கொலன்னாவைக்குப் போய்
ஊசிக்காரர் சோமதிலகவை ஏற்றினேன்.
அவர் மடியில் பால்கேன் மாதிரி ஒரு சாடி.
நைதரசன் குளிருக்குள் காளைகள்,
ஒவ்வொன்றும் ஒரு துரும்பளவு.

இங்குறுக்கடைச் சந்தியில் மறித்தார்கள்.
பொலிஸ்காரர் என் அடையாள அட்டையில்
பெயரை ஒரு தடவை பார்த்தார்,
முகத்தை ஒரு தடவை,
சாடியை இரண்டு தடவை.
என்ன இதற்குள்?
வாய் முந்திக்கொண்டது:
"காளை மாடு, சேர். ஆறு பேர்."
சோமதிலக மூடியைக் கொஞ்சம் தூக்கினார்.
வெள்ளைப் புகை எழும்பி
பின்சீட்டெல்லாம் படர்ந்தது.
பொலிஸ்காரர் ஓரடி பின்னால் போனார்.
நான் இருபது வருசம் பின்னால் போனேன்.
பிறகு யாரோ சிரித்தார்கள்,
யார் முதலில் என்று ஞாபகமில்லை.
"போ, போ. காளை உருகிவிடும்."

இளஞ்சூட்டுத் தண்ணீரில் துரும்பை அமிழ்த்தி,
மணிக்கூட்டில் முள் நகரப் பார்த்து,
தோள்வரை உறை இழுத்து,
சோமதிலக கண்ணை மூடிக்கொண்டார்.
உள்ளே அவருக்கு விரல்தான் கண்.
சிலாபக்காரி புண்ணாக்கு மென்றாள்.
ஒரு நிமிசம் கூட ஆகவில்லை,
முடிந்தது கல்யாணம்.

கலண்டரில் வட்டம் போட்டேன்.
இருபத்தோராம் நாள் கத்தினால், இல்லை.
கத்தாவிட்டால், இருக்கலாம்.
அந்த 'லாம்' ஒன்றுதான் கையில் தருவார்கள்.
ரெஜினா கேட்டாள்:
மாட்டுக்கு நேர்த்தி வைத்தால்
அந்தோனியார் கோபிப்பாரா?
கோவேறு கழுதையையே முழந்தாளிட வைத்தவர்,
வை, என்றேன்.

இருபத்தொன்று.
ஓட்டோவுக்குள் சுருண்டு படுத்தேன்,
காதை மட்டும் கொட்டிலில் விட்டுவிட்டு.
நுளம்பு. கால்வாய் நாற்றம்.
மாடி வீட்டில் யாருக்கோ இருமல்.
பாயிஸ் நானாவின் நம்பர் போனில் இருக்கிறது,
அழிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

இரண்டு மணிக்குக் கேட்டது.
அடிவயிற்றிலிருந்து. நீளமாக.

செருப்பில்லாமல் ஓடினேன்.
அவள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தாள்.
டோர்ச் வெளிச்சம் பட்டதும்
என்ன மனுசன் இவன் என்பதுபோல்
முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள்.

திரும்பவும் கேட்டது.
துறைமுகத்துக்கு வெளியே ஏதோ ஒரு கப்பல்
உள்ளே வர இடம் கேட்டுக்கொண்டிருந்தது.